சேலம் மதுவிலக்கும் அன்றாட மகிழ்ச்சியும்: ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியின் வரலாறு

சேலம் மதுவிலக்கு என்பது 1937 அக்டோபர் 1 அன்று சென்னை மாகாணத்தின் சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்த முழு மதுவிலக்குத் திட்டமாகும். இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய மாவட்டங்கள் அன்று ஒரே மாவட்டமாக இருந்தன. ஓசூரும் கிருஷ்ணகிரியும் அதன் வடக்குப் பக்கத்துத் தாலுகாக்கள். ஓசூரைத் தாண்டினால் மைசூர் சமஸ்தானம். அரசியல் வரலாற்றிலும் வரி வரலாற்றிலும் இத்திட்டம் பலமுறை பேசப்பட்டுள்ளது. ஏழைக் குடும்பங்களின் அன்றாட மகிழ்ச்சியைக் கூட்ட ஓர் அரசு எடுத்த முயற்சியாகவும் அதைப் படிக்க இடமுண்டு. நேர்மறை உளவியல் என்ற துறை தோன்றுவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, அத்துறை இன்று கேட்கும் கேள்விகள் சிலவற்றைச் சேலம் மாவட்டத்துக் கிராமங்கள் சந்தித்துவிட்டன.

நேர்மறை உளவியல்: சுருக்கமான அறிமுகம்

1998-ஆம் ஆண்டு அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக இருந்த மார்ட்டின் செலிக்மன், உளவியல் துறை நோயைப் பற்றியே நெடுங்காலம் ஆராய்ந்துவிட்டது, நன்றாக வாழ்வது எப்படி என்பதையும் அதே கண்டிப்புடன் ஆராய வேண்டும் என்று வலியுறுத்தினார். 'நேர்மறை உளவியல்' என்ற சொல்லை ஆபிரகாம் மாஸ்லோ 1954-லேயே பயன்படுத்தியிருந்தார். ஆயினும் தனித் துறையாக அது வளர்ந்தது செலிக்மனுக்குப் பிறகுதான். துன்பத்தை நீக்குவது ஒரு வேலை, இன்பத்தை வளர்ப்பது வேறொரு வேலை, முதலாவதைச் செய்துவிட்டால் இரண்டாவது தானாக வந்துவிடாது என்பதே இத்துறையின் அடிப்படை. மனச்சோர்வு குணமான ஒருவர் அதனாலேயே மகிழ்ச்சியானவராக ஆகிவிடுவதில்லை. வயலில் களை எடுத்தால் மட்டும் போதாது, விதைக்கவும் வேண்டும் என்று உழவர்கள் இதை எளிதில் புரிந்துகொள்வார்கள்.

2011-ல் வெளிவந்த நூலில் செலிக்மன், நல்வாழ்வின் கூறுகளாக ஐந்தைக் குறிப்பிட்டார்: இனிய உணர்வுகள், ஈடுபாடு, உறவுகள், பொருளுள்ள வாழ்க்கை, சாதனை. இந்த ஐந்தில் ஒவ்வொன்றுக்கும் சேலத்துக் கதையில் ஏதோ ஓர் இடம் உண்டு. அதிகமான இடம் உறவுகளுக்கு.

தொரப்பள்ளிக்காரர்

திட்டத்தைக் கொண்டுவந்த சி. ராஜகோபாலாச்சாரி என்னும் ராஜாஜி, ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10 அன்று பிறந்தவர். தந்தை அவ்வூரின் முன்சீப். ஓசூரிலும், பிறகு பெங்களூரிலும் சென்னையிலும் படித்துவிட்டுச் சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில் செய்தார். சேலம் நகராட்சியின் தலைவராகவும் இருந்தார். 1925-ல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கியபின், சுற்றுவட்டாரக் கிராமங்களில் குடிப்பழக்கம் செய்யும் வேலையை அருகிலிருந்து பார்த்தார். கூலி வாங்கிய கையோடு கள்ளுக்கடைக்குப் போகும் ஆண்களையும், அடுப்பு மூட்ட வழியில்லாமல் காத்திருக்கும் பெண்களையும் பற்றி எழுதினார். 1929-ல் மதுவிலக்குப் பிரசாரத்துக்கென்றே 'விமோசனம்' என்ற பத்திரிகையை ஆசிரமத்திலிருந்து நடத்தினார். அதில் அவருடன் பணியாற்றியவர் கல்கி.

ராஜாஜிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. உரோமானியப் பேரரசரான மார்க்கஸ் அரேலியஸின் சிந்தனைகளை 'ஆத்ம சிந்தனை' என்ற பெயரில் தமிழில் தந்தவர் அவர். சாக்ரடீசைப் பற்றியும் எழுதினார். நம் கையில் இல்லாதவற்றுக்காகக் கலங்காமல், நம் கையில் உள்ள நம் எண்ணத்தையும் செயலையும் சீர்செய்துகொள்வது என்பது அரேலியஸ் சார்ந்த ஸ்டோயிக் மரபின் சாரம். இன்றைய அறிவாற்றல் சார்ந்த மனச்சிகிச்சை முறையை உருவாக்கியவர்கள் அதே மரபைத் தங்கள் முன்னோடியாகச் சொல்கிறார்கள். ஆனால் தனிமனிதருக்கு மன அடக்கத்தைப் பரிந்துரைத்த அதே ராஜாஜி, கூலித் தொழிலாளியிடம் "மனத்தை அடக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்கவில்லை. அவன் வீடு திரும்பும் வழியில் இருந்த கடையையே மூட முயன்றார். மகிழ்ச்சி என்பது மன உறுதியால் மட்டும் வருவதா, சூழ்நிலையால் வருவதா என்ற பழைய விவாதத்தில் அவர் இரண்டு பக்கமும் நின்றார் எனலாம்.

1937 அக்டோபர்

1937 ஜூலை 14 அன்று ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அன்று மாகாண முதலமைச்சரை அப்படித்தான் அழைத்தார்கள். மூன்றே மாதத்துக்குள் மதுவிலக்குச் சட்டம் நிறைவேறியது. அது 1937-ஆம் ஆண்டின் 10-ஆவது சட்டம். மாகாண வருவாயில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கலால் வரியிலிருந்து வந்துகொண்டிருந்த காலம் அது. ஆகவே மாகாணம் முழுவதையும் ஒரே நாளில் தொடாமல், தமக்கு நன்கு தெரிந்த சேலம் மாவட்டத்தில் முதலில் தொடங்கினார். 1938-ல் சித்தூர், கடப்பை மாவட்டங்களும் 1939-ல் வட ஆர்க்காடும் சேர்க்கப்பட்டன. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939-ல் கொண்டுவரப்பட்ட பொது விற்பனை வரிதான், இன்று நாம் கடையில் கட்டும் வரிக்கு மூத்த தலைமுறை.

சேலத்தில் திட்டத்தை நடத்திய மாவட்ட ஆட்சியர் டிக்சன் என்னும் ஆங்கில ஐ.சி.எஸ். அதிகாரி. காங்கிரஸ் அரசின் கனவுத் திட்டத்தை வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் முழு மனத்தோடு நடத்தியது அக்காலத்தில் பலரை வியக்கவைத்தது.

கடைகளை மூடுவதை விடக் கடினமான பகுதி, மூடிய பிறகு வரும் மாலைப்பொழுது. கள்ளுக்கடை வெறும் கடையன்று. பகல் முழுவதும் குனிந்து வேலை செய்தவன் நிமிர்ந்து உட்கார்ந்து நாலு பேரோடு பேசிய ஒரே இடம் பெரும்பாலும் அதுவே. அதைப் பறித்துவிட்டு எதுவும் தராமல் இருந்தால், அவன் அந்தப் பேச்சையும் சிரிப்பையும் தேடி வேறெங்காவது போவான். இதை நடத்தியவர்கள் ஓரளவு உணர்ந்திருந்தார்கள். தேநீர்க் கடைகள், கிராம விளையாட்டுகள், பஜனை, நாடகம், சிக்கனச் சங்கங்கள் ஆகியவை மதுவிலக்கின் ஒரு பகுதியாகவே ஊக்குவிக்கப்பட்டன. களை எடுத்த இடத்தில் விதைக்கவும் முயன்றார்கள். மதுவிலக்கு பற்றிய விவாதங்களில் காவல்துறையும் வருவாயும் பேசப்படும் அளவுக்கு இந்தப் பகுதி பேசப்படுவதில்லை. உளவியல் நோக்கில் மிக முக்கியமான பகுதி இதுதான்.

ஏறக்குறைய அதே காலத்தில், 1935-ல், அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் இரண்டு குடிநோயாளிகள் சேர்ந்து தொடங்கியதே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் அமைப்பு. குடியை விட்டவர்களுக்கு அது மருந்து தரவில்லை. உட்கார்ந்து பேச ஒரு கூட்டத்தைத் தந்தது. புதுப்பாளையத்துக்கும் ஓஹையோவுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. ஆனாலும் பிரச்சினையின் வேர் ஒன்றே என்பதால் விடையும் ஒரே திசையில் போனது.

என்ன கிடைத்தது?

சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியர் பி. ஜே. தாமஸ், சேலம் மதுவிலக்கின் முதல் ஆண்டில் ஏற்பட்ட பொருளாதார விளைவுகளை ஆராய்ந்தார். குடிக்குப் போய்க்கொண்டிருந்த பணம் உணவுக்கும் துணிக்கும் வீட்டுத் தேவைக்கும் திரும்பியது, வீட்டில் சண்டை குறைந்தது என்பவை அக்கால ஆய்வுகளிலும் அறிக்கைகளிலும் திரும்பத் திரும்ப வரும் செய்திகள். இன்றைய உலக மகிழ்ச்சி அறிக்கைக்காக மக்களிடம் பத்துப் படிகள் கொண்ட ஏணியைக் கற்பனை செய்யச் சொல்லி, நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். 1938-ல் அப்படி யாரும் கேட்கவில்லை. அடுப்பில் என்ன கொதிக்கிறது, பெட்டியில் எத்தனை சேலை இருக்கிறது, கடன்காரன் வாசலுக்கு வருகிறானா என்று பார்த்தார்கள். எண்களில் அளக்கும் ஏணியைவிட இது மோசமான அளவுகோல் என்று சொல்லிவிட முடியாது.

யாருடைய மகிழ்ச்சி என்ற கேள்வியை இங்கே விட்டுவிடக் கூடாது. கள் இறக்கி வாழ்ந்த மரமேறிகளுக்கு அந்த அக்டோபர் மாதம் மகிழ்ச்சியான மாதமன்று. தலைமுறை தலைமுறையாகக் கற்ற ஒரே தொழில் ஒரே நாளில் குற்றமாயிற்று. பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்ச உரிமம் தரப்பட்டது, கூட்டுறவுச் சங்கங்களும் அமைக்கப்பட்டன. எனினும் கள்ளில் கிடைத்த வருமானத்துக்கு வெல்லம் எல்லோருக்கும் ஈடாகவில்லை. குடும்பங்களின் நிம்மதிக்கு விலை கொடுத்தவர்களில் ஒரு பகுதியினர் அந்தக் கடைகளில் ஒருநாளும் குடித்திராதவர்களாகவும் இருந்திருப்பார்கள்.

ஓசூர்ப் பகுதிக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. எல்லைக்கு அப்பால் மைசூரில் கடைகள் திறந்திருந்தன. எல்லையோரக் கிராமத்தானுக்கு மதுவிலக்கு என்பது சில மைல் நடை, அவ்வளவுதான். சூழ்நிலையை மாற்றி மகிழ்ச்சியைக் கொண்டுவர நினைக்கும் எந்தத் திட்டமும் சூழ்நிலையின் எல்லை எங்கே முடிகிறது என்ற கேள்வியில் வந்து மோதும். ஓசூர் அதை முதல் நாளிலேயே கண்டது.

1939 அக்டோபரில் போர் காரணமாகக் காங்கிரஸ் அமைச்சரவை பதவி விலகியது. போர்க்காலத்தில் ஆளுநர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்திவைத்தது. விடுதலைக்குப் பின் 1948-ல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1971 ஆகஸ்ட் 30 அன்று தமிழக அரசு அதைத் தளர்த்தியது. வேண்டாம் என்று கேட்டுக்கொள்ள, 92 வயதில், கொட்டும் மழையில் ராஜாஜி முதலமைச்சர் மு. கருணாநிதியின் வீட்டுக்கே சென்றது தமிழக அரசியல் வரலாற்றில் மறக்கப்படாத காட்சி. 1974-ல் கடைகள் மீண்டும் மூடப்பட்டன, 1981-ல் மீண்டும் திறந்தன. 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் உருவாயிற்று. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது.

தருமபுரி, 1989

1965-ல் சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டம் பிரிந்தபோது ஓசூரும் கிருஷ்ணகிரியும் அதனுடன் சென்றன. 2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும் வரை அப்படியே இருந்தன. அந்தப் பழைய தருமபுரி மாவட்டத்தில்தான், 1989-ல், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் முதன்முதலில் தொடங்கப்பட்டது. இன்று தமிழகத்தின் எல்லா ஊர்களிலும் இருக்கும் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு அரசுத் திட்ட அளவில் பிறந்த இடம் இதுவே. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மைராடா அமைப்பும் இப்பகுதியில் குழுக்களை வளர்த்தது.

குழுவின் நோக்கம் சேமிப்பும் கடனும். ஆனால் பதினைந்து இருபது பெண்கள் குறித்த நாளில் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி கணக்கு எழுத, மற்றவர்கள் வீட்டுக் கதை பேச, யாருக்கு அவசரம் என்று சேர்ந்து முடிவெடுப்பது வங்கி வேலை மட்டுமன்று. 1937-ல் ஆண்களுக்குக் கொடுக்க முயன்ற மாற்று மாலைப்பொழுது, ஐம்பது ஆண்டுகள் கழித்துப் பெண்களுக்குக் கிடைத்தது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1938-ல் தொடங்கி இன்றும் நடத்திவரும் நீண்டகால ஆய்வு, முதுமையில் உடலும் மனமும் நலமாக இருப்பவர்களிடம் பொதுவாகக் காணப்படுவது நெருக்கமான நல்ல உறவுகளே என்கிறது. சேலத்துச் சோதனையும் அந்த ஆய்வும் ஏறக்குறைய ஒரே ஆண்டில் தொடங்கின என்பது ஒரு சுவையான தற்செயல்.

1992-ல் ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்தில் தூபகுண்டா என்ற ஊரின் பெண்கள் சாராயக் கடைக்கு எதிராக எழுந்தபோது, அதற்கு முன்னால் அவர்கள் எழுத்தறிவு வகுப்பில் ஒன்றாக உட்கார்ந்து பழகியிருந்தார்கள். தனித்தனி வீட்டில் இருந்த துன்பம் ஓரிடத்தில் சேர்ந்தபோது அதற்குக் குரல் வந்தது.

தொழிற்சாலை வந்த பிறகு

1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை உருவானது. 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் இங்கிருந்து வெளிவந்தது. அசோக் லேலண்ட் வந்தது. 1984-ல் தொடங்கப்பட்ட டைட்டன் நிறுவனத்தின் கடிகாரத் தொழிற்சாலையும் இங்கேயே அமைந்தது. பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பிள்ளைகளையும் மாற்றுத்திறனாளிகளையும் டைட்டன் வேலைக்கு எடுத்துப் பழக்கியது. மைராடா வளர்த்த குழுக்களைச் சேர்ந்த கிராமப் பெண்கள் 'மீடோ' என்ற தங்கள் சொந்த நிறுவனத்தின் மூலம் அதற்குக் கடிகாரச் சங்கிலி கோத்துக் கொடுத்தார்கள்.

மிஹாய் சிக்சென்ட்மிஹாயி என்ற உளவியலாளர் 1990-ல் எழுதிய நூலில், மனிதர்கள் தங்களை மறந்து ஒன்றியிருக்கும் நேரங்களை ஆராய்ந்தார். இலக்கு தெளிவாக இருக்க வேண்டும், செய்தது சரியா தவறா என்று உடனே தெரிய வேண்டும், வேலை நம் திறமைக்குச் சற்றே மேலாக இருக்க வேண்டும். அப்போது மனம் வேலையில் கரைகிறது. சிறு திருகாணியைச் சாமணத்தால் பிடித்துக் கடிகாரத்துக்குள் பொருத்தும் வேலையில் இம்மூன்றும் உண்டு. ஆனால் அதே அசைவை மாதக்கணக்கில் செய்தால் திறமை வேலையை மிஞ்சிவிடும், பிறகு மிஞ்சுவது சலிப்புதான். ஒரே பட்டறையில் ஒருவருக்கு மகிழ்ச்சியும் அடுத்தவருக்கு அலுப்பும் ஏன் என்பதற்கு இது நல்ல விளக்கம். வேலையை மாற்றிக் கொடுப்பதும், தொழிலாளி சொல்லும் யோசனையைக் கேட்டு நடைமுறைப்படுத்துவதும் இந்தச் சலிப்புக்கு மருந்து. 2002-ல் டி.வி.எஸ். மோட்டார் நிறுவனத்துக்குக் கிடைத்த டெமிங் பரிசு, தொழிலாளர் பங்கேற்கும் இத்தகைய தரமேம்பாட்டு முறைகளுக்காகவே தரப்படுவது.

சம்பளம் வந்தது, ஆனால் இரவு ஷிஃப்டும் வந்தது. ஊரைவிட்டு வந்தவர்கள் அறைகளில் தங்கினார்கள். பின்னாளில் ஒடிசா, பீகார், அசாமிலிருந்தும் வந்தார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து பேசும் ஊரில் இன்னும் சில மொழிகள் சேர்ந்தன. பேச்சு மொழி தெரியாத ஊரில் மாலைப்பொழுது மிக நீளமானது.

பணத்தைப் பற்றியும் ஒரு பழைய ஆய்வு உண்டு. 1978-ல் பிரிக்மன் குழுவினர், லாட்டரியில் பெருந்தொகை வென்ற 22 பேரையும் வெல்லாத 22 பேரையும் ஒப்பிட்டார்கள். மகிழ்ச்சியில் பெரிய வேறுபாடு இல்லை. அன்றாடச் சிறு இன்பங்கள், அதாவது காலை உணவு, நண்பரோடு பேச்சு போன்றவை, வென்றவர்களுக்குச் சுவை குறைந்திருந்தன. தமிழகத்தில் 2003-ல் தடை செய்யப்படும் வரை லாட்டரிச் சீட்டில் சம்பளத்தைத் தொலைத்தவர்கள் இந்த ஆய்வைக் கேள்விப்பட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்; ஒருமுறை வென்று பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றிருப்பார்கள்.

அன்றாடப் பயிற்சிகளும் அவற்றின் எல்லையும்

நேர்மறை உளவியல் பரிந்துரைக்கும் பயிற்சிகளில் அதிகம் சோதிக்கப்பட்டது, உறங்கும் முன் அன்று நடந்த மூன்று நல்லவற்றையும் ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்பதையும் எழுதுவது. செலிக்மன் குழுவினர் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் இதைச் செய்தவர்களிடம் ஆறு மாதம் கழித்தும் பலன் தெரிந்தது. தாமாகவே தொடர்ந்து எழுதியவர்களிடம் பலன் கூடுதலாக இருந்தது. 'ஏன்' என்ற கேள்விதான் இதில் உயிர். "மேலாளர் லீவு கொடுத்தார்" என்று எழுதுவதோடு நிற்காமல், "கூட வேலை செய்பவர் என் ஷிஃப்டை எடுத்துக்கொண்டார்" என்று எழுதும்போது, அதுவரை கண்ணில் படாத ஒரு மனிதர் தெரியவருகிறார். எம்மன்ஸ், மெக்கல்லோ இருவரும் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், வாரம் ஒருமுறை நன்றிக்குரியவற்றை எழுதிய மாணவர்கள், தொல்லைகளை எழுதியவர்களைவிட வாழ்க்கையைப் பற்றி நல்லபடியாக உணர்ந்தார்கள். திருக்குறளில் செய்ந்நன்றியறிதல் அறத்துப்பாலில் தனி அதிகாரமாக இருப்பது மாணவர்களுக்குத் தெரிந்ததே. அங்கே அது கடமை, இங்கே அது மருந்து.

பிற்கால ஆய்வுகள் இப்பயிற்சிகளின் பலன் உண்மை என்றாலும் அளவில் சிறியது என்று காட்டின. இனிய உணர்வுக்கும் துன்ப உணர்வுக்கும் ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம் இருந்தால் வாழ்க்கை செழிக்கும் என்று கணக்கிட்டுச் சொன்ன புகழ்பெற்ற கட்டுரையின் கணிதம் தவறு என்று 2013-ல் பிரௌன், சோக்கல், ஃப்ரீட்மன் ஆகியோர் நிறுவினார்கள். குறைந்த கூலி, பாதுகாப்பற்ற வேலை ஆகியவற்றை மறைக்க "நல்லதையே நினை" என்ற அறிவுரை பயன்படுகிறது என்று பார்பரா எரன்ரைக் 2009-ல் நூல் எழுதினார். ஒப்பந்தத் தொழிலாளர் நிறைந்த ஒரு தொழிற்பேட்டையில் இந்த எச்சரிக்கையைச் சுவரில் எழுதி வைக்கலாம். குடிநோயோ மனச்சோர்வோ முற்றியவருக்கு நாட்குறிப்பு போதாது, மருத்துவர் வேண்டும். ஓசூரிலிருந்து சுமார் ஒரு மணி நேரப் பயணத்தில் பெங்களூரின் நிம்ஹான்ஸ் மருத்துவமனை இருக்கிறது. சென்னையில் 1980 முதல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை குடிநோயாளியோடு அவருடைய குடும்பத்துக்கும் சேர்த்தே சிகிச்சை அளித்துவருகிறது.

2008 மே

கர்நாடக அரசு 2007 ஜூலையில் சாராய விற்பனையைத் தடை செய்தது. ஓராண்டு முடியுமுன், 2008 மே மாதம், கள்ளச்சாராயத்தில் கலந்த மெத்தனால் பெங்களூர், கோலார் பகுதிகளிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் எல்லையோரக் கிராமங்களிலும் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இறந்தவர்களில் பெரும்பாலோர் கூலி வேலை செய்தவர்கள். 1937-ல் கள் எல்லை கடந்து ஓசூருக்கு வந்தது போல, இப்போது நஞ்சு வந்தது. கடையை மூடினார்கள், மாலையில் அந்த மனிதன் எங்கே போய் யாரோடு உட்காருவான் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த எளிய வீடு இன்று அரசின் நினைவு இல்லம். அவர் கொண்டுவந்த 1937-ஆம் ஆண்டின் 10-ஆவது சட்டமும் நீக்கப்படவில்லை. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் என்ற பெயரில் இன்றும் நடைமுறையில் உள்ளது. டாஸ்மாக் கடைகளுக்கும் மதுக்கூடங்களுக்குமான 2003-ஆம் ஆண்டு சில்லறை விற்பனை விதிகள் அந்தச் சட்டத்தின் கீழ்தான் இயற்றப்பட்டன.